மீந்த தாளில் தைத்த நோட்டு

பள்ளி ஆண்டு முடிந்ததும் மகளின் பையிலிருந்து ஒன்பது நோட்டுகள் வெளியே வந்தன. ஒன்றுகூட முழுதாக எழுதப்படவில்லை. ஒன்றில் முதல் பத்துப் பக்கம், இன்னொன்றில் பாதி, ஒன்றில் பெயரும் வகுப்பும் மட்டும். பழைய பேப்பரோடு போட மனம் வரவில்லை. வெற்றுத் தாள்களைப் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டு நோட்டாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் செய்யக்கூடிய சுலபமான கைவேலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சுலபம்தான், இரண்டாவது முறை செய்யும்போது. என் முதல் நோட்டு படகு மாதிரி வளைந்தது, திறந்து வைத்தால் தானே மூடிக்கொண்டது. அது ஏன் என்று கண்டுபிடிக்க ஆன நேரம், இரண்டாவது நோட்டைச் செய்ய ஆன நேரத்தைவிட அதிகம்.

தாள் கணக்கு

நடுவில் பின் அடித்த நோட்டில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜோடி உண்டு. முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதம். இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒரே காகிதம். இப்படியே நடுப்பக்கம் வரை. 80 தாள் நோட்டில் 20 தாள் எழுதியிருந்தால், 21 முதல் 60 வரை உள்ளவை 20 இரட்டைத் தாள்களாக மடிப்புக் குலையாமல் கையில் வரும். 61 முதல் 80 வரை வெறுமையாக இருந்தாலும் அவற்றின் ஜோடிகள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றை ஒற்றையாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் எழுதிய நோட்டில் இரட்டைத் தாள் ஒன்றுகூடத் தேறாது. பின்னைக் கழற்றிப் பார்க்கும்வரை இது எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது நோட்டும் பிரித்து முடித்தபோது இரட்டைத் தாள் 34 இருந்தது, ஒற்றைத் தாள் 140-க்கு மேல்.

பின்னைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்திய பிறகுதான் வெளிப்பக்கம் இருந்து இழுக்க வேண்டும். ஒரு காலை மட்டும் நிமிர்த்தி இழுத்ததில் எனக்கு ஆறு தாள் கிழிந்தது. துருப்பிடித்த பின் என்றால் பழுப்புக் கறை நிற்கும்; அந்தத் தாளை மடிப்பின் வெளிப்பக்கம் வராதபடி உள்ளே தள்ளிவிட்டேன்.

நூலால் தைக்க மடிப்பு வேண்டும். ஒற்றைத் தாளுக்கு மடிப்பு கிடையாது. சரி, ஒற்றைத் தாளை நடுவில் மடித்தால் ஆயிற்று என்று நினைத்தேன். என்னிடம் இருந்த தாள் 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். நீளவாக்கில் மடித்தால் ஒல்லியாக நெட்டையாக வரும். குறுக்கே மடித்தால் 12-க்கு 18 என்று லட்சணமான அளவு. குறுக்கே மடித்தேன். 40 தாள், ஐந்தைந்தாக ஒன்றுக்குள் ஒன்று செருகி எட்டு மடிப்புகள் (இப்படிச் செருகிய ஐந்து தாள் கட்டைத்தான் மடிப்பு என்கிறேன்).

மடிக்கும்போதே தாள் எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தும் மடிப்பு கூராகப் படியவில்லை. சரசரவென்று ஓர் ஓசை. விட்டதும் பாதி எழுந்து நின்றது. மடித்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பு பொடிப்பொடியாக வெடித்திருந்தது. மட்டமான தாள் போல என்று கடந்துபோனேன். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, கோடு ஏன் நெட்டுக்குத்தா நிக்குது?" என்று கேட்டாள். ஆமாம், குறுக்கே மடித்ததால் பக்கத்தின் கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழாக ஓடின. படம் வரைய வைத்துக்கொள் என்று சமாளித்தேன்.

முதல் நோட்டில் கெட்டவை

தைத்தேன், ஒட்டினேன், பழைய பருத்திச் சட்டைத் துணியால் அட்டை போர்த்தினேன், வெயில் படும் ஜன்னலோரம் காய வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் முன்னட்டையின் மேல்முனையும் கீழ்முனையும் எழும்பிப் படகாக இருந்தது. துணியில் ஆங்காங்கே பசை ஊறி எண்ணெய்க் கறை போல் தெரிந்தது. அட்டையைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. கொஞ்சம் பலமாகத் திறந்ததும் அட்டையின் உட்புறம் ஒட்டிய தாள், அட்டை மடங்கும் கீல் ஓரத்தில் நீளமாகக் கிழிந்தது. உள்ளே பக்கங்கள் விசிறி போல் விறைப்பாக நின்றன. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அடுத்த நொடி மூடிக்கொண்டது.

கறைக்கும் கீலுக்கும் காரணம் உடனே தெரிந்தது. துணிக்குப் பின்னால் தாள் ஒட்டாமல் நேராகப் பசை தடவியிருந்தேன். முதுகுப் பட்டைக்கும் (நோட்டின் முதுகை மூடும் ஒல்லியான அட்டைத் துண்டு) அட்டைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளிதான் விட்டிருந்தேன், அட்டையே 2 மி.மீ. கனம், அது மடங்கித் திரும்ப இடம் ஏது? ஆனால் படகும் விறைப்பும் புரியவில்லை. தாளின் தரம் என்று சொல்லவும் முடியாது. அதே தாள் பள்ளி நோட்டில் இருந்தபோது ஒழுங்காகத்தானே திறந்து கிடந்தது.

அதே தாள், ஆனால் திரும்பி நிற்கிறது. காகிதத்துக்கு மரத்தைப் போலவே ஓர் ஓட்டம் உண்டு. அச்சுத் தொழிலில் கிரெய்ன் என்பார்கள். நான் இழை ஓட்டம் என்கிறேன். காகித இயந்திரத்தில் கூழை ஓடும் வலைமேல் விடுகிறார்கள். வலை ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துக்கொள்கின்றன, ஆற்றில் மிதந்து போகும் குச்சிகளைப் போல. ஓடும் வலையில் காகிதம் எடுக்கும் இயந்திரத்துக்கு 1799-ல் பிரான்ஸில் நிக்கோலா லூயி ராபேர் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் ஒவ்வொரு தாளும் சல்லடைச் சட்டத்தில் கையால் அள்ளி எடுத்துக் குலுக்கியது. நார்கள் நாலு பக்கமும் பின்னிக் கிடக்கும், ஓட்டம் அவ்வளவாகத் தெரியாது. இன்றைக்குக் கைக்கு வரும் காகிதம், அட்டை எல்லாம் அநேகமாக இயந்திரத்தில் செய்தவைதான். ஆகவே எதற்கும் ஓட்டம் உண்டு.

இழையோடு மடித்தால் நார்களுக்கு நடுவே மடிப்பு விழும், வழுக்கிக்கொண்டு படியும். இழைக்குக் குறுக்கே மடித்தால் ஒவ்வொரு நாரையும் ஒடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சரசர ஓசை அதுதான். நோட்டிலும் புத்தகத்திலும் இழை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் பக்கம் தளர்ந்து சாயும். பள்ளி நோட்டில் அப்படித்தான் ஓடியது. நான் அதைக் குறுக்கே மடித்து முதுகையே வேறு பக்கம் மாற்றிவிட்டேன். நெட்டுக்குத்தாக நின்ற கோடுகளைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படகுக்கும் இதுவே காரணம். நார் தண்ணீர் குடித்தால் பருக்கும்; நீளம் அவ்வளவாக அதிகரிக்காது. ஆகவே ஈரம் பட்ட தாள் இழைக்குக் குறுக்கே விரிகிறது, காயும்போது குறுக்கே சுருங்குகிறது. என் அட்டையில் இழை பக்கவாட்டில் ஓடியது. பசை ஈரத்தில் மேலும் கீழுமாக விரிந்தது. பாரம் எதுவும் வைக்காமல் வெயிலில் விட்டேன். துணி ஒட்டிய பக்கம் முதலில் காய்ந்து இழுத்துக்கொண்டது. வேறென்ன ஆகும்?

ஓட்டம் பார்க்கும் வழி

மூன்று சோதனைகள் செய்து பார்த்தேன். தாளை ஒடியாமல் வளைத்து, உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பார்ப்பது ஒன்று. நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. எந்தப் பக்கம் கை குறைவாக எதிர்ப்பை உணர்கிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையே இழை. கெட்டி அட்டையில் இது பளிச்சென்று தெரியும், மெல்லிய தாளில் குழப்பும். இரண்டாவது, கிழிப்பது. இழையோடு கிழித்தால் ஓரளவு நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் வாய் கோணிக்கொண்டு எங்கோ போகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு சிறு சதுரத் துண்டு வெட்டி, எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் அம்பு போட்டு, ஒரு முகத்தை மட்டும் ஈரத் துணியால் தொட்டு மேசையில் வையுங்கள். இரண்டு மூன்று நொடியில் அது குழலாகச் சுருளும். குழல் எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதுதான் இழை. மகள் இதை இருபது துண்டுகளுக்கு மேல் செய்து பார்த்துவிட்டாள். மேசை முழுக்கச் சின்னச் சின்னக் குழல்கள்.

இதோடு இன்னொரு விஷயமும் பிடிபட்டது. வீட்டு பிரின்டரில் போடும் ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ. அதன் விகிதம் 1:1.414 என்பதால் பாதியாக மடித்தால் அதே சாயலில் ஏ5 வரும்; 1922-ல் ஜெர்மனி தரப்படுத்திய அளவு முறை இது. கையேடு செய்ய எல்லோரும் அதைத்தான் பாதியாக மடிக்கிறோம். ஆனால் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீள விளிம்போடு ஓடும். பாதியாக மடித்தால் இழைக்குக் குறுக்கேதான் மடிப்பு. பத்துப் பக்கக் கையேட்டில் இது பெரிதாகத் தெரியாது. தைத்த நோட்டில் நன்றாகத் தெரியும். ஏ4-ஐ முதலில் பாதியாக வெட்டி, பிறகு மடித்தால் அளவு சிறுத்துவிடும், இழை சரியாகிவிடும்.

என் தாளுக்கும் அதே வைத்தியம்தான். 18-க்கு 24 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினேன்: 18-க்கு 12 அளவில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்ததும் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள பக்கம். சட்டைப் பையில் அடங்கும். இழை முதுகோடு ஓடுகிறது. கோடுகளும் படுத்துவிட்டன. 20 ஒற்றைத் தாளிலிருந்து 40 மடித்த தாள். ஐந்து ஐந்தாக எட்டு மடிப்புகள். மொத்தம் 160 பக்கம். மடித்தபோது ஓசையே இல்லை.

இரண்டாவது நோட்டு

ஒரு மடிப்பில் ஐந்து தாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகச் செருக உள்ளே இருக்கும் தாள்கள் விளிம்பில் வெளியே தள்ளிக்கொண்டு வரும். எகிப்தில் 1945-ல் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த 4-ஆம் நூற்றாண்டுத் தோலட்டை நூல்கள் பெரும்பாலும் ஒரே தடித்த மடிப்பாகத் தைக்கப்பட்டவை. அவற்றில் விளிம்பைச் சமப்படுத்தியதால் நடுத்தாள்கள் ஓரத்தாள்களைவிட ஒடுக்கமாக இருக்கின்றன. அந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் பல சிறு மடிப்புகள். முதன்முதலாகச் செய்பவர் ஒரே மடிப்பு, மூன்று ஓட்டை என்று ஒரு சின்னக் கையேட்டில் கை பழகிக்கொள்வது நல்லது. நான் பழகவில்லை, நேராக எட்டு மடிப்பில் இறங்கினேன். நூல் முதல் தடவை எவ்வளவு சிக்கியது என்று சொல்லப் போவதில்லை.

ஓட்டைகளை ஒரே அளவில் போட ஒரு அளவுத் துண்டு செய்துகொண்டேன். 12 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டையில் 1, 3.5, 5, 7, 8.5, 11 என்று ஆறு புள்ளிகள். மேல் எது என்று அதில் எழுதிவிடுங்கள். தலைகீழாக வைத்துக் குத்தினால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூடத் தைத்த பிறகு படிக்கட்டாகத் தெரியும். மடிப்பைப் பாதி திறந்து, அட்டைப் பெட்டியின் ஒரு மூலையை வெட்டிச் செய்த தொட்டிலில் வைத்து, உள்ளிருந்து வெளியாகக் குத்தூசியால் குத்தினேன். குத்தூசி இல்லையென்றால் தடித்த ஊசியின் காதை ஒரு கார்க்கில் செருகிக்கொள்ளலாம். ஓட்டை நூல் நுழையும் அளவு போதும், பெரிதானால் பின்னால் பசை உள்ளே கசியும்.

தையல் மிஷின் நூல் வேண்டாம். மெல்லிய நூல் தாளை அறுக்கும். ஜீன்ஸ் தைக்கும் தடித்த நூலை எடுத்து, மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுத்தேன். மெழுகு ஏறிய நூல் முறுக்கிக்கொள்ளாது, முடிச்சும் வழுக்காது. நீளக் கணக்கு: நோட்டின் உயரத்தை மடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி இன்னொரு உயரம் சேர்க்க வேண்டும். 12 பெருக்கல் 8, கூட்டல் 12, ஆக 108 செ.மீ. கை பிடிக்க, முடிச்சுப் போட என்று 130 செ.மீ. வெட்டினேன்.

முதல் மடிப்பை மேசை விளிம்பில் வைத்து, ஓரத்து ஓட்டையில் வெளியிலிருந்து ஊசியை உள்ளே விட்டேன். ஒரு விரல் நீள நூல் வெளியே வால் போல நிற்கட்டும். உள்ளே ஓடி இரண்டாவது ஓட்டையில் வெளியே, மூன்றாவதில் உள்ளே, நான்காவதில் வெளியே, ஐந்தாவதில் உள்ளே, ஆறாவதில் வெளியே. அதன் மேல் இரண்டாவது மடிப்பை வைத்து, ஆறாவது ஓட்டைக்கு நேர் மேலே உள்ளே நுழைந்து, அதே பாதையில் திரும்பி வர வேண்டும். நடுவில் வெளியே வரும்போதெல்லாம் கீழ் மடிப்பில் வெளியே தெரியும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு, பிறகு அடுத்த ஓட்டையில் உள்ளே போக வேண்டும். இப்படித்தான் மடிப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. முனைக்கு வந்ததும் அந்த வாலோடு சேர்த்து இரட்டை முடிச்சு. மூன்றாவது மடிப்பு முதல், ஒவ்வொரு முனையிலும் கீழே உள்ள இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு, அங்குள்ள நூலைக் கோத்து எடுத்து, வளையத்துக்குள் ஊசியை நுழைத்து இறுக்க வேண்டும்.

இறுக்கும்போது நூலை முதுகின் நீளத்தோடு இழுங்கள். ஓட்டையிலிருந்து நேர் எதிரே வெளிப்பக்கமாக இழுத்தால் மடிப்பு கிழியும். முதல் நோட்டில் நான்காவது மடிப்பின் இரண்டு தாள் அப்படித்தான் போனது. எவ்வளவு இறுக்குவது என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. நூல் தளர்ந்து தொங்கக் கூடாது, தாளை அலை அலையாகச் சுருக்கவும் கூடாது. மூன்று மடிப்பு தைத்தால் விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

தைத்த தாள்கட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே முதுகு மட்டும் துருத்தும்படி வைத்து, மேலே நாலைந்து தடித்த புத்தகங்கள். உள்தாள்களை, அதாவது தாள்கட்டையும் அட்டையையும் சேர்க்கும் மடித்த தாள் இரண்டை, முன்னும் பின்னும் 3 மி.மீ. பட்டையாகப் பசை தடவி முன்பே ஒட்டியிருந்தேன். அதற்கும் இழை முதுகோடு ஓட வேண்டும். முதுகில் வெள்ளைப் பசையை விரலால் தேய்த்து, காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை இருபுறமும் 2 செ.மீ. நீட்டி ஒட்டினேன். நோட்டு அட்டையிலிருந்து பிய்ந்து போகாமல் காப்பது இந்தத் துணிதான், இதைத் தவிர்க்காதீர்கள்.

பசை, அட்டை, துணி

வெள்ளைப் பசை மட்டும் என்றால் சில நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது. கோணலாக வைத்துவிட்டால் நகர்த்த நேரம் இல்லை. அதனால் மைதாப் பசை காய்ச்சினேன். ஒரு ஸ்பூன் மாவு, ஐந்து ஸ்பூன் தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளற வேண்டும். முதலில் மோர் போல வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் சட்டென்று ஒரு கட்டத்தில் கனத்து, கண்ணாடி போல் மங்கலாகத் தெளியும். மாவுச்சத்து தண்ணீர் குடித்து வீங்கி உடைகிற நேரம் அது. அதற்கு மேல் ஒரு நிமிடம் கிளறி இறக்கி, ஆறியதும் வடிகட்டினேன். பாதி மைதாப் பசை, பாதி வெள்ளைப் பசை. நகர்த்த நேரமும் கிடைத்தது, பிடிப்பும் வந்தது. வெறும் மைதாப் பசை என்றால் பூச்சி வரும். பூச்சி வராமல் இருக்கப் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து விரலால் பசை தடவும் வீட்டில் வேண்டவே வேண்டாம். தேவையான அளவு காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிட்டேன்.

அட்டைக்கு வரைபட நோட்டின் பின்னட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டி 2 மி.மீ. கனம் ஆக்கினேன். இழை ஒரே பக்கம் ஓடும்படி ஒட்டவும். நெளிந்த பெட்டி அட்டை உதவாது, விளிம்பு நசுங்கும். வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காதீர்கள். புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், லேசாக எட்டுப் பத்து முறை. நான் அழுத்தினேன், ஸ்கேல் வழுக்கியது, இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கீறல். ஸ்கேலின் அடியில் உப்புத்தாள் துண்டு ஒட்டிய பிறகு அது வழுக்கவே இல்லை.

அளவுகள்: பக்கம் 9-க்கு 12 என்றால் அட்டை 8.7-க்கு 12.6. மேலும் கீழும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அகலம் பக்கத்தைவிடக் குறைவாக இருப்பது தப்பு இல்லை. கீலுக்கு விடும் இடைவெளி அதை ஈடுகட்டுகிறது. முதுகுப் பட்டையின் அகலம், தாள்கட்டின் கனமும் இரண்டு அட்டைகளின் கனமும் சேர்ந்தது. எனக்கு 9 மி.மீ., அதோடு 4, ஆக 13 மி.மீ. பட்டைக்கு இருபுறமும் 7 மி.மீ. இடைவெளி. முதல் நோட்டில் 3 விட்டேன் என்று சொன்னேனே, அந்த 4 மி.மீ. வித்தியாசத்தில்தான் அட்டை திறந்தது.

துணி இந்த முறையும் சட்டைத் துணிதான். ஆனால் முதலில் அதன் பின்பக்கம் டிஷ்யூ தாளை மைதாப் பசையால் ஒட்டிக் காயவிட்டு, பிறகுதான் அட்டையில் ஒட்டினேன். கறை இல்லை. மூலைகளில் துணியைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனையிலிருந்து 3 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்கும். ரொம்ப விட்டால் மூலை உருண்டை கட்டும். நான்கு மூலையில் எனக்கு மூன்று தேறியது.

கடைசி வேலைதான் நெஞ்சு படபடக்கும் வேலை. தாள்கட்டை அட்டைக்குள் வைத்துப் பார்த்து, உள்தாளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் செருகி (ஈரம் உள்ளே போகாமல் இருக்க), உள்தாள் முழுக்கப் பசை தடவி, வலைத்துணியையும் அதோடு படியவைத்து அட்டையை மூட வேண்டும். திறந்து பார்க்கத் துடிக்கும். திறக்கக் கூடாது. ஈரத் தாளைத் திறந்தால் சுருக்கம் விழும். அடுத்த பக்கமும் அதே மாதிரி. பிறகு கீல் பள்ளத்தில் இருபுறமும் ஒவ்வொரு பின்னல் ஊசியை வைத்து, பலகைகளுக்கு நடுவே அழுத்தி, மேலே புத்தகங்கள், அதற்கும் மேலே ஒரு குடம் தண்ணீர். மாலை ஏழு மணிக்கு வைத்தேன். மகளிடம் காலை வரை தொடாதே என்றேன். இரவு பத்து மணிக்கு நான்தான் போய்ப் பார்த்தேன். திறக்கவில்லை, விளிம்பை மட்டும் தடவிவிட்டு வந்தேன்.

காலையில் அட்டை பலகை போல் தட்டையாக இருந்தது. திறந்தால் திறந்தபடி கிடந்தது. மூலையில் ஓர் இடத்தில் உள்தாள் 2 மி.மீ. கோணல், நூல் ஓரிடத்தில் கொஞ்சம் தளர்வு. இரண்டும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்கும் தெரியும்.

படகு நோட்டைத் தூக்கிப் போடத்தான் இருந்தேன். மகள் அதை வாங்கிக் குறுக்கே திருப்பினாள். முதுகு மேலே, பக்கம் கீழே. மேல்நோக்கித் திறக்கும் குறிப்பு நோட்டு. நெட்டுக்குத்தாக நின்ற கோடுகள் படுத்துக்கொண்டன. "இப்ப சரியா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டாள். வளைந்த அட்டை அப்படியேதான் இருக்கிறது. மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது. எழுதும்போது இடது கையால் அமுக்கிக்கொள்கிறாள்.